நாலு சக்கரமும் ஒரே அளவு

கார்த்திகை 9, வியாழன்

இன்று நான் ஜப்பான்காரனையே வென்றுவிட்டேன்.

நான் ஓட்டும் ஆஸ்பத்திரி ஜீப் ஜப்பான்காரன் செய்தது; வெல்லாவெளிச் சேற்றில் இறங்கினால் போதும், சக்கரம் வழுக்குகிறதென்று மஞ்சள் விளக்கு எரியும், எஞ்சின் இழுவையை விட்டுவிடும். சரிவராவிட்டால் ஜீப்பை நாளைக்கே கொழும்புக்கு அனுப்புவதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிறகு அங்குள்ள பிள்ளைத்தாச்சிகளை யார் ஏற்றுவது?

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு," என்று கையை விரித்தார் காத்தான்குடி மெக்கானிக் அண்ணன்; காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"டயரப் பாருங்க காக்கா!" என்றேன்.

டயர்களில் சோக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு சுற்று உருட்டி அளந்தேன். பின்சக்கரம் ஒரு சாண் கூடுதலாக ஓடியது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகம் என்றால், கம்ப்யூட்டர் வழுக்கல் என்றுதானே நினைக்கும்? பழைய அளவிலேயே இரண்டு டயர் தேடிப் பூட்டினோம். ஜீப் சேற்றில் யானைபோல ஏறியது. சென்றியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரனே வாய்பிளந்தான்.

"எந்த விசரன் பின்னுக்குப் பெரிசு பூட்டினவன்?" என்றார் காக்கா.

"எனக்கு முந்தி ஓடின டிரைவரா இருக்கும்."

பூட்டியவன் நான்தான். உழவு மெசினுக்குப் பின்சக்கரம் பெரிசு, அதனால்தான் இழுக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

டாக்டரம்மா கைகூப்பினார் என்றுதான் ஊரில் சொல்வேன். உண்மையில், "விடிய வெள்ளெனப் போய் ஆக்கள ஏத்திட்டு வாங்க அண்ணன்," என்றார். எனக்கு அது போதும்.