ஒரு சிலிண்டர் என்று எழுதினேன்

நாள் 112, 06:10
செவ்வாய்க் கோள், பனிச்சுரங்க நிலையம். ஆள் இருவர்: துளையிடும் பொறியாளர் இருதயராஜ், பதிவாளர் மாரிச்செல்வி, அதாவது நான். வெளியே மைனஸ் 71.

இங்கே எந்த முடிவை எழுதினாலும் பக்கத்தில் ஒரு குறி இட வேண்டும். காரணங்கள் உண்மையானால் முடிவு பொய்யாகவே முடியாது என்றால் 'கட்டாயம்'. இதுவரை இப்படித்தான் நடந்தது, இனியும் நடக்கலாம் என்றால் 'வாய்ப்பு'. தலைமையகம் குறியைப் பார்த்துத்தான் உத்தரவிடும்.

07:10
சுரங்கத்தில் அதிர்வு மணி. இதுவரை இருபத்தாறு முறை அடித்து இருபத்தாறும் வீண். மணி கேட்டும் இருதயராஜ் அண்ணாச்சி உள்ளே போய்விட்டார். ரேடியோவில்:

"இந்த மணி எங்க ஊரு மீன்கடை நாய் மாதிரி தாயி. குலைக்கும், கடிக்காது. குறி போட்டாச்சா, இல்ல அதுக்கும் வெக்கப்படுதியா?"

ஆபத்தில்லை. குறி: வாய்ப்பு.

10:25
கூரை சரிந்தது. அண்ணாச்சி உள்கதவுக்கு அப்பால். கால் பனிக்கடியில்.

"அழாத பிள்ள. மூணு சுரங்கத்துல மாட்டி மூணுலயும் நடந்துதான் வெளிய வந்தேன். நாலாவதும்…"

ரேடியோ அறுந்தது.

10:40
மீட்பு வண்டி புயலைத் தாண்டி 16:40-க்கு வரும். அதுவரை அவருக்குக் காற்று இருக்குமா என்று தலைமையகம் கேட்கிறது. ஒரு சிலிண்டர் ஏழு மணி நேரம். போனது 07:10. தீர்வது 14:10. வண்டி வருமுன் இறந்துவிடுவார். குறி: கட்டாயம்.

10:52
தலைமையகம்: "கட்டாயம்னு போட்டிருக்கீங்க மாரிச்செல்வி. அப்புறம் புயலுக்குள்ள ரெண்டு பேர அனுப்பி என்ன பண்றது? வண்டியத் திருப்பிடறோம். கதவத் திறந்துடாதீங்க, மிச்சக் கூரையும் வந்துடும். மன்னிச்சுடுங்கம்மா."

சரி சார் என்றேன். நன்றி என்றும் சொன்னேன்.

12:30
செயற்கைக்கோள் மறைந்தது. நாளைக் காலை வரை யாரோடும் பேச முடியாது. கதவில் காதை வைத்தேன். தட்டுகிறார். மூன்று முறை. இடைவெளி. மறுபடி மூன்று.

14:10
காற்று தீரும் நேரம். காதை எடுத்துவிட்டேன்.

14:35
தட்டுகிறார்.

கணக்கில் பிழையில்லை. அப்படியும் முடிவு பொய் என்றால், காரணங்களில் ஒன்று பொய். ஏழு மணி நேரம், அளந்தது. 07:10, கடிகாரத்தில் பார்த்தது. ஒரு சிலிண்டர்

14:41
அடுக்கில் இரண்டு இடம் காலி.

நான் எண்ணவில்லை. நூற்றுப்பதினொரு நாளும் அவர் ஒன்றுதான் எடுத்தார். அதனால் தினமும் அவர் கிளம்புமுன்பே 'ஒன்று' என்று எழுதிவைத்துவிடுவேன். என் கட்டாயத்துக்கு அடியில் இருந்தது வெறும் வாய்ப்பு. மணியைக் கேலி செய்தவர் கூடுதலாக ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

அவருக்கு 21:10 வரை காற்று. வண்டி 16:40-க்கு வந்திருக்கும்.

14:58
உடுப்பு மாட்டிவிட்டேன். கையுறையோடு எழுதுகிறேன். கூரை விழலாம். விழாமலும் போகலாம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: வண்டியைத் திருப்பியது புயல் அல்ல. என் கையெழுத்து.

இப்போது இரண்டு முறைதான் தட்டினார். நான் பூட்டை