நாலாம் ரீலுக்குப் பிறகு மூன்றாம் ரீல்

என் செல்ல அப்பாவுக்கு,

நம் வலியசாலை வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் ஒரு வாரமாக அளவுக்கு மீறிய சந்தோஷத்தில் இருக்கிறேன். காரணம் சொன்னால் நீ திட்டுவாய்.

உன் பச்சை அட்டை நோட்டு ஞாபகம் இருக்கிறதா? ராக்கெட் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின், திரைப்படச் சங்கத்தில் பழைய விண்வெளிப் படங்களைப் பார்த்துத் தப்புக் கண்டுபிடித்து எழுதினாயே. காற்றில்லாத இடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும்? விண்கலம் ஏன் விமானம் மாதிரி சாய்ந்து திரும்புகிறது? ஒரு படத்தில் விண்வெளிக் காட்சி சரியாகவே நிசப்தமாக வந்தது. ஸ்பீக்கர் போய்விட்டதென்று எல்லோரும் விசிலடிக்க, நீ மட்டும் எழுந்து நின்று கைதட்டினாய்.

உன் காரியங்கள் முடிந்த மறுநாள் சங்கச் செயலாளர் வந்து, படித்துவிட்டுத் தருவதாக அந்த நோட்டை வாங்கிப் போனார். திருப்பிக் கேட்டபோது, "ஏது நோட்டு மோளே? நான் வாங்கவே இல்லியல்லோ" என்றார். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்.

போன ஞாயிறு சங்க அரங்கிலேயே அவருடைய புத்தகம் வெளியானது. புரட்டினேன். வரிக்கு வரி நீ. உன் பெயர் எங்குமே இல்லை.

அப்போதுதான் அந்த ஆன்டெனா வரி கண்ணில் பட்டது. 'விண்கலத்தின் உடைந்த ஆன்டெனா யாரும் சரிசெய்யாமலே முழுசாகத் திரும்பி வருகிறது. இயக்குநரின் அலட்சியம்.' அது இயக்குநரின் தப்பில்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். படம் ஓட்டிய ஸ்டீபன் அண்ணன் மறுநாள் உன்னிடம் விஷயத்தைச் சொல்ல, நீ வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தாய். நோட்டில் அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும்டி, ஊரார் தப்புக்கு நடுவுல என் தப்பும் ஒண்ணு கிடக்கட்டும்" என்றாய்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "சார், இந்த ஆன்டெனா விஷயத்தை நீங்களே பார்த்தேளா?"

"பின்னே? மூணு தடவை பார்த்ததாக்கும்."

கடைசி வரிசையிலிருந்து ஸ்டீபன் அண்ணன் எழுந்தார். எழுபது வயதுக்கு அந்தக் குரல்! "அது எனக்க தப்பாக்கும் சாரே. நாலாம் ரீலைப் போட்டுட்டு மூணாம் ரீலைப் போட்டேன். நாலுல ஒடஞ்சது மூணுல முழுசாத்தானே இருக்கும். ஒரே ஒரு ஷோ. அண்ணைக்கு நீங்க ஊர்லயே இல்ல. இவங்க அப்பாதான் முன் வரிசையில இருந்து எழுதினாரு."

செயலாளர் தண்ணீர் கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க நீ இல்லையே அப்பா!

நேற்று நோட்டோடு வந்து வாசலில் நின்றார். பத்திரிகைக்காரர்களிடம் போக வேண்டாமென்று கெஞ்சினார். நோட்டை வாங்கிக்கொண்டேன். உட்காரச் சொல்லவில்லை. நீயாக இருந்தால் காபி கொடுத்து அனுப்பியிருப்பாய், இல்லையா?

எனக்கு உன் மனசு கிடையாது. உன் நோட்டு உன் பெயரில் அச்சாகும். அந்த ஆன்டெனாவைத் திருத்தமாட்டேன். அது எப்படி வந்தது, உனக்குப் பிறகு அதை யார் தன்னுடையதாக எழுதிக்கொண்டார் என்று அடியில் பெயரோடு போடுவேன். முதல் பிரதியை அவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இது சத்தியம்.

உன் பேச்சைக் கேட்காத பெண்,
லலிதா