அணி என்ற சொல்

17.11.2006, வெள்ளி

பத்தாம் வகுப்பு வரலாற்று விடைத்தாள்களைத் திருத்த வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். புளத்கொகுபிட்டிய செக்பொயின்ட்ல பஸ்ஸை நிப்பாட்டி எல்லாரையும் இறக்கினாங்க. என் பையைத் திறந்த பொலிஸ்காரன் வடக்குல வேலை செஞ்சவனாம், தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். மேலே இருந்த தாள்ல ஒரு சொல்லுல விரலை வச்சான். "அணி." அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் புலிகளோட படையணிதான்.

"இது அணிசேராமை, சேர். உங்க மொழியில நொபெந்தி. நம்ம நாட்டோட வெளிநாட்டுக் கொள்கை, அரசாங்கப் புத்தகத்துலயே இருக்கு"ன்னு சிங்களத்துல சொன்னேன். வல்லரசுங்க மோதிக்கிட்டாலும் சின்ன நாடு எந்தப் பக்கமும் சேராதுன்னு வகுப்புல சொல்ற மாதிரியே விளக்கினேன். குரல்தான் என்னோடது மாதிரி இல்ல.

அவன் சிரிச்சான். "அப்ப டீச்சர் எந்தப் பக்கம்?"

"உங்க பக்கந்தான், சேர்." அவன் கேட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லிட்டேன்.

போகச் சொன்னான். அந்த ஒரு தாளை மட்டும் மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டான். யோகேஸ்வரியோட தாள். அவ பேரும் ஸ்கூல் பேரும் மேலேயே இருக்கு. திருப்பிக் கேட்டிருக்கலாம். பையை மூடிட்டு பஸ்ல ஏறிட்டேன்.

அணிசேராமை என்றால் என்னங்கிற கேள்விக்கு அவ எழுதினது அப்படியே மனசுல நிக்குது: "யாருக்கும் பயப்படாமல், நான் எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்வது." காலையில ஸ்டாஃப் ரூம்லயே அதுக்கு முழு மார்க் போட்டு, பக்கத்துல கையெழுத்தும் வச்சேன்.

திங்கக்கிழமை எல்லாருக்கும் தாள் குடுக்கணும். யோகேஸ்வரி அவளோடதைக் கேப்பா.