கோல்டு ரூமில் மாம்பழ வாசனை

மே 14, புதன்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். துபாய்க்கு முதல் பூ லோடு கிளம்புவதும் அன்றைக்கே. இரண்டையும் ஒரே நாளில் வைத்த மகராசன் எங்கள் முதலாளி கமலக்கண்ணன் சார். மாப்பிள்ளை தீனாவுக்கு அவர் சித்தப்பா. நல்ல நாளாம், எல்லாம் கூடி வருமாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

படவேட்டிலிருந்து வந்த சம்பங்கித் தண்டுகளை இன்று தரம் பிரித்தோம். இந்த லோடு தேறினால் வாராவாரம் ஆர்டர். தேறாவிட்டால் பூ பேக் செய்கிற எங்கள் ஷெட்டில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. இந்த லட்சணத்தில், என்னோடு தரம் பிரிக்கிற கலையரசி மறுபடியும் பூவுக்குத் தண்ணீர் தெளித்தாள். கத்திவிட்டேன்.

"கோயிலுக்குக் கட்ற பூன்னு நெனச்சிகினேன் மேடம். கை தானா போவுது" என்றாள்.

ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் அழுகிவிடும். நனைந்த தண்டுகளை அவளே தனியாக எடுத்து வைத்தாள். பாவம், ரொம்பத்தான் கத்திவிட்டேன்.

மே 16, வெள்ளி

தூக்கம் இல்லை. தீனா போன் செய்தார். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போ என்று அவராகவே சொன்னவர். அதனால்தான் பிடித்தது. ஆமாம், பிடித்திருக்கிறது. எழுதியாகிவிட்டது, போதுமா?

அவர் அம்மாதான், "பூக்கட்றதுக்கா இவ்ளோ படிப்பு?" என்று பெண் பார்க்க வந்த அன்று கேட்டார். பூக்கட்டவில்லை அம்மா. பறித்த பூவை வாடாமல் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டே இருப்பது!

மே 18, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. நேற்றே லீவு போடவைத்துவிட்டார்கள். விடியற்காலை லோடு ஏற்றும்போது நான் அங்கே இல்லை. பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறேன், மனசெல்லாம் ஏர்போர்ட் போகிற வண்டியில்.

வரிசைத் தட்டைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். இந்த வெயிலில் பழம் இப்படிப் பளபளவென்று இருக்கிறதே என்று. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

மே 19, திங்கள்

பூவைக் குளிரில் வைக்கிற கோல்டு ரூமின் கதவைத் திறந்தேன். மாம்பழ வாசனை.

வாட்ச்மேனைக் கேட்டேன். "சனிக்கிழமை சாயங்காலம் உங்கம்மா ஆட்டோல தட்டெல்லாம் எடுத்துகினு வந்தாங்க. நீங்கதான் வைக்கச் சொன்னீங்கன்னாங்க. காலைல லோடு போனப்புறம் எடுத்துகினு பூட்டாங்க."

ராத்திரி முழுக்க, பழமும் பூவும் ஒரே ரூமில். பழுக்கிற பழம் ஒரு வாயுவை விடும். அது பட்டால் மொட்டு உதிரும். ஷெட்டில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே இதைச் சொல்வேன். பெற்றவளுக்குச் சொன்னேனா?

ஐயோ, அம்மா.

மே 20, செவ்வாய்

ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு ராத்திரிதானே.

மே 22, வியாழன்

ஆகிவிட்டது. துபாயிலிருந்து படம் வந்தது. பெட்டியில் வெறும் காம்புகள் நிற்கின்றன, மொட்டெல்லாம் அடியில் கொட்டிக் கிடக்கிறது.

சார் நேராகக் கலையரசியிடம் போனார். "தண்ணி தெளிச்ச இல்ல? நாளைலேர்ந்து வராத." அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் பட்டால் பூ அழுகும், இப்படி உதிராது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சீ.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "வாடின பழத்த வெச்சா உன்னத்தானடி கொற சொல்லுவாங்க. அதுக்கோசரம்தான் அங்க வெச்சேன்" என்று அழுதாள். யாரிடமும் சொல்லாதே, சம்பந்தம் போய்விடும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மே 23, வெள்ளி

கலையரசி வரவில்லை. அவள் மேஜைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

மே 24, சனி

சொல்லிவிட்டேன்.

சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "நிச்சயத் தட்டு பட்டு பூ உதிர்ந்துச்சா? இது எங்க அண்ணி காதுல உழுந்தா இன்னா ஆவும் தெரியுமா?"

தெரியும் சார்.

"அப்ப கம்முனு இரும்மா. அந்தப் பொண்ணுக்கு வேற எங்கனா வேல கெடைக்கும்."

துபாய்க்கும் உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன் என்றேன். சாத்திய கதவை அவரே போய்த் திறந்துவிட்டார்.

மே 26, திங்கள்

காரணம் தெரிந்துவிட்டதால் இன்னொரு லோடு அனுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டார்களாம் துபாயில். கலையரசி வேலைக்கு வந்துவிட்டாள். சார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மத்தியானம் தீனா போன். "சொல்லாமயே இருந்திருக்கலாமே சுபத்ரா. யாரோ ஒருத்திக்காக..."

யாரோவா? தினமும் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவள். இதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மே 28, புதன்

தீனாவும் அவர் அம்மாவும் வந்தார்கள். கல்யாணத்தை நிறுத்தவில்லையாம். ஒரு பரிகாரம் செய்துவிட்டு, நான் வேலையையும் விட்டுவிட்டால் போதுமாம். "இவ கை ராசி அப்படி இருக்குது. என்ன பண்றது?" என்றார் அவர் அம்மா. தீனா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்தாள். காலில் விழத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"பழத்த வெச்சது நானுங்க. நீங்க எம்பொண்ணு ராசின்றீங்க. நாளைக்கு உங்க வூட்ல பால் திரிஞ்சாலும் இவ தலைலதான் போடுவீங்க. வேணாங்க. உட்டுடுங்க."

அவர்கள் போனதும் சமையலறைக்குள் போய் அழுதாள். நானும்தான் அழுதேன். பிடித்திருந்ததே, என்ன செய்ய?

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாவது லோடு தேறிவிட்டது. துபாயிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கல்யாண மேடை. மணமக்கள் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் எங்கள் சம்பங்கி, ஒரு மொட்டுகூட உதிரவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"யார் வூட்டுக் கல்யாணமோ" என்றாள். "நல்லா இருக்கட்டும்."

போனை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.