ஹல்லாவின் மேல் விழுந்த பழி

ஹெல்சிங்கி, பிப்ரவரி

அண்ணா,

கிழித்துப் போட்டுவிடாதே! ஹல்லாவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு படி. உன் நாய் எந்தத் தப்பும் செய்யவில்லை!

டிஸ்டெம்பர் காய்ச்சல் வந்து, ரோமத்துக்காக நாம் வளர்த்த பண்ணை நரிகள் செத்தபோது எடுத்த நுரையீரல் துண்டுகளும், ஹல்லாவின் மூக்குச் சளியும் நான்கு வருடமாக எங்கள் ஆய்வகத்தில் உறைந்து கிடந்தன. போன வாரம் புது இயந்திரம் வந்ததும் அவை எல்லாவற்றிலும் இருந்த வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க வைத்தேன். என்னோடு வேலை செய்யும் வுவோக்கோ கத்தினாள்: "அடியே, காபிய வச்சிட்டு ஓடியா! நாய் நரிக்குக் குடுக்கல, நரிதான் நாய்க்குக் குடுத்திருக்கு!"

நரிக்கு நரி தாவும்போது வைரஸில் ஓரிரு எழுத்துகள் மாறிக்கொண்டே போயிருக்கின்றன. அத்தனை மாற்றங்களும் ஹல்லாவின் வைரஸில் இருக்கின்றன. கடைசியாகத் தொற்றியது அவளுக்குத்தான்! நான் குதித்த குதியில் காபி முழுவதும் தரையில்.

"அப்போ ஆரம்பிச்சது எதுடி?" என்று கேட்டாள்.

ஏழாம் கூண்டு.

ரோமக் கண்காட்சியில் பரிசு வாங்கியதென்று நான் கொண்டுவந்த ஆண் நீலநரி. "ரெண்டு வாரம் தனியா வைடி" என்றாய். ஊரே பார்க்க வருகிறதென்று அன்றைக்கே கொட்டகையின் நடுவில் வைத்தேன். பிறகு, நோய் ஹல்லாவால்தான் வந்ததென்று நாயோடு உன்னையும் வெளியே போகச் சொன்னதும் நான்தான் என்பதை எழுத வேண்டியதில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹல்லாவின் தட்டைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறாராம். பக்கத்தில் உன் ரப்பர் பூட்ஸையும்.

ஏழாம் கூண்டுக்காரி,
உன் தங்கை