இடப் பக்கத்துக் கிழிசல்

கோயிம்ப்ரா,
ஜூலை மாதம், மண்டையைப் பிளக்கும் வெயில்

மதிப்புக்குரிய பிபியானா அவர்களுக்கு,

உங்கள் மகள் நில்சா தங்கிப் படிக்கும் வீட்டின் சொந்தக்காரி இதலீனா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீங்கள் நிம்மதியாக இல்லை என்பது உங்கள் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது.

அந்தப் போட்டோவைப் பார்த்து நீங்கள் பதறியதில் தப்பே இல்லை. பெற்ற பெண் கந்தல் துணியோடு, ஒரு கறுப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் நின்றால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இந்தப் பல்கலைக்கழக ஊரில் பட்டப்படிப்பை முடித்தால் இப்படித்தான். கடைசிப் பரீட்சை தேறியதும் கூடப் படித்தவர்கள் சூழ்ந்துகொண்டு மாணவர் உடுப்பைத் தாறுமாறாகக் கிழித்தெறிவார்கள். தோளில் போடும் கறுப்பு அங்கியை மட்டும் விட்டுவிடுவார்கள், நீங்கள் போர்வை என்று நினைத்தது அதுதான். அவள் உள்ளே நீச்சல் உடை போட்டுக்கொண்டுதான் போனாள், நானே பார்த்து அனுப்பினேன். இதையெல்லாம் எழுதாமல் வெறும் போட்டோவை மட்டும் அனுப்பியிருக்கிறாள், புத்தி கெட்டவள். நன்றாகத் திட்டினேன். "அய்யோ அத்தை, இது உலகத்துக்கே தெரியும்னுல்ல நெனச்சேன்" என்கிறாள். இங்கே வந்து சேரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கிறுக்குப் பிடித்துவிடும். பல்கலைக்கழகம் வந்த நாளிலிருந்து, எழுநூறு வருஷமாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

"சாப்பாடு போட்டே என் பெண்ணை மயக்கி வைத்துவிட்டீர்கள், உடனே அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் சுருக்கென்று தைத்தது. என் கருவாட்டுக் குழம்புக்கு அவ்வளவு சக்தி இருந்தால் என் மகன் ரூயி ஏன் லக்சம்பர்க்கில் போய் உட்கார்ந்திருக்கிறான்? உங்கள் ஊர்ச் சோளக் கஞ்சியை அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் நான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் ஒரு வாய் வைத்துவிட்டு, "எங்கம்மா செய்றது இப்படி இருக்காது" என்றுதான் சொல்கிறாள். பானை என்னவோ காலியாகிவிடும்.

மேல்படிப்பு விஷயம் நான் மூட்டிவிட்டது இல்லை. கடல் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக்கும் படிப்பு, உபகாரச் சம்பளத்தோடு இங்கேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். மழையே எட்டிப் பார்க்காத தீவுகளிலிருந்து வந்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எது? அவளோ சேர்கிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று அந்தக் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறாள். செப்டம்பருக்குள் பதில் கொடுக்க வேண்டுமாம்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அந்த அங்கியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிப்பது இங்கே வழக்கம். வலப் பக்கம் சிநேகிதர்களுக்கு, இடப் பக்கம் குடும்பத்துக்கு. அன்றைக்கு நில்சாவின் வலப் பக்கத்தை எலி கரண்டியது போல ஆக்கிவிட்டார்கள். இடப் பக்கம் அப்படியே இருந்தது. எல்லாரும் அங்கே வேடிக்கை பார்க்கப் போயிருந்த என்னைப் பார்த்து, "இதலீனா அத்தை, வாங்க, நீங்க கடிங்க! இங்க இவளுக்கு வேற யாரு இருக்கா?" என்று கத்தினார்கள். நில்சாவும் ஓரத்தை என் வாய்க்கு நேரே நீட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

துணியைப் பல்லிடுக்கில் வைத்துவிட்டேன், பிபியானா. அப்போதுதான் ரூயியின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. எனக்கு முட்டி ஆபரேஷன், போக முடியவில்லை. மாப்பிள்ளையின் தாய் நிற்க வேண்டிய இடத்தில் அவன் குடியிருந்த வீட்டுக்காரம்மா பூச்செண்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள். போட்டோவில் பார்த்தேன். நல்லவள்தான், என் மகனுக்கு எத்தனையோ செய்தவள். ஆனாலும் அந்தப் போட்டோவை என்னால் சுவரில் மாட்ட முடியவில்லை.

துணியை விட்டுவிட்டேன். பல் வலி என்று சொல்லிவிட்டேன். "கெழவிக்கு எங்க மேல பொறாமை" என்று ஒரு தடியன் கேலி செய்தான். செய்யட்டும்.

நில்சா ஆகஸ்டில் அங்கே வருகிறாள். பெட்டியில் உங்களுக்கு ஆலிவ் எண்ணெய் வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கரும்புச் சாராயம் தீர்ந்துவிட்டது, யார் குடித்தது என்று கேட்காதீர்கள். அங்கியும் வருகிறது. நாற்றமடிக்கும். தயவுசெய்து துவைத்துவிடாதீர்கள், துவைத்தால் படித்ததெல்லாம் போய்விடும் என்பார்கள். இடப் பக்கத்தை நீங்கள்தான் கடிக்க வேண்டும். கத்தரிக்கோல் கூடாது.

அவளைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். படிப்புக்காகக் கேட்கிறேன். எனக்காகவும்தான், மறைப்பானேன்?

நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கிழித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு வையுங்கள். அவள் திரும்பி வந்தால் அந்த இடத்தில் நான் கடிக்கிறேன். வராவிட்டால் அது கிழியாமலே இருக்கட்டும்.

கன்னி மேரி உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உங்கள் பெண்ணுக்குச் சோறு போட்டவள்,
இதலீனா