ஏஞ்சல் மீன் வாய் திறக்கவில்லை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதப் பேனா போகமாட்டேன் என்கிறது, நீயாவது அங்கே நலமாக இருக்க வேண்டும். போனை எடுக்கமாட்டாய் என்று தெரிந்துதான் இந்தக் கடிதம்.

உன் அறையில் அப்பா வைத்திருக்கும் கடல்மீன் தொட்டியைத்தான் பார்த்திருக்கிறாயே. வேளைக்கு வேளை சாப்பிட்டாயா என்று கேட்டு, வீடியோவில் தட்டைக் காட்டச் சொல்லி உயிரை எடுக்கிறோம் என்று நீ போனை வைத்த வாரத்தில், அதில் விட ஒரு ஏஞ்சல் மீன் வாங்கி வந்தார். மஞ்சள் உடம்பு, ஓரமெல்லாம் நீலம், மகாராணிதான் போ. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டார், சிப்பிச் சதை வைத்தார், பாசியைக் கல்லில் கட்டி இறக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. வயிறு ஒட்டிப்போய்ப் பாறை இடுக்கிலேயே கிடந்தது. இவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு வாய் சாப்பிடும்மா என்று கெஞ்சுகிறார். அது சாப்பிடாமல் இவருக்கும் சோறு இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டவர், நேற்று எழுந்திருக்கும்போது தள்ளாடி விழப் பார்த்தார், உடம்பெல்லாம் வியர்வை. சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். வந்த கோபத்தில் உன் பழைய போர்வையால் தொட்டியை மூடிவிட்டு, இனி இந்தப் பக்கம் வந்தால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்று அவரைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

சாயங்காலம், செத்துக் கிடக்குமோ என்ற பயத்தோடு போர்வை ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். மகாராணி வெளியே வந்து மேய்ந்துகொண்டிருக்கிறாள். இறாலை அல்ல, அப்பா அதே தொட்டியில் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த உயிர்ப் பவளத்தை. ஜாடை காட்டி அவரைக் கூப்பிட்டேன். அந்தப் பவளத்தின் மேல் நிழல் பட்டாலே கத்துகிற மனிதர், சத்தம் காட்டாமல் பார்த்துவிட்டு, "தின்னட்டும். நாம பாத்துக்கிட்டே இருந்ததுதான் அதுக்குத் தொண்டைய அடைச்சிருக்கு" என்றார். பிறகு தானே சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தவர், என்ன நினைத்தாரோ, கவிழ்த்து வைத்துவிட்டார்.

மீன் பிழைக்குமா என்று இப்போதே சொல்வதற்கில்லை. கடைசியாக வீடியோவில் பார்த்தபோது உன் கழுத்தெலும்பு தெரிந்தது. ஆனாலும் இனிக் கேட்கமாட்டோம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, இது கேள்வி இல்லை, சும்மா சொல்கிறேன். ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உனக்கே தோன்றும்போது கூப்பிடு.

இப்படிக்கு,
போர்வைக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உன் அம்மா